கூலி சொல்லாத திரைச்சீலைகள்

கிபூயே சந்தைக்குத் திரைச்சீலை வாங்க வருகிறவர்கள் எல்லாரும் ஜன்னலின் அகலத்தைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். அங்கே திரைச்சீலை தைத்து விற்கிற ஒமூகா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டார்.

"ஜன்னல் கிடக்கட்டும். தரையிலேர்ந்து கூரைக்கு எவ்வளவு உசரம்? அதைச் சொல்லுங்க."

பாதிப் பேர் முழிப்பார்கள். மீதிப் பேர், இந்த ஆள் நீளமாகத் துணியைத் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுவார்கள். ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றில் வந்த அகேயோ மட்டும் நகரவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் கையைத் தூக்கிட்டு நின்னா, அதுக்கு மேல இன்னும் ஒரு முழம் இருக்கும்" என்றாள். சொன்னதோடு விடாமல், பழைய துணி மூட்டைகளுக்கு நடுவே, சனங்கள் இடித்துக்கொண்டு போகிற வழியில், வலது கையை நேரே மேலே தூக்கிக்கொண்டு நின்றாள்.

ஒமூகா நாடாவை எடுத்து அவள் குதிகாலிலிருந்து விரல்நுனி வரைக்கும் பிடித்தார். முப்பது வருஷமாக எத்தனையோ அளந்த கை. அன்றைக்கு நாடாவைச் சுருட்டுவதற்குள் எண் மறந்துபோய், இன்னொரு தடவை அளக்க வேண்டியதாயிற்று.

பக்கத்துக் கடையில் குழந்தைகள் உடுப்பைக் குவித்துப்போட்டு விற்கிற அப்போண்டி சும்மா இருப்பாளா? "ஜன்னலுக்குத்தான அளவெடுக்கிற, ஃபுண்டி? இல்ல கவுன் தைக்கப் போறியா?" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள். கைவேலை தெரிந்த எல்லாரையும் அந்த ஊரில் ஃபுண்டி என்றுதான் கூப்பிடுவார்கள்.

அகேயோ சிரித்தாள். கையை இறக்கி, பையிலிருந்து கைபேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் ஏதோ பெரிய கூடத்தில் நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் கூரையிலிருந்து தரை வரைக்கும் பேரீச்சம்பழ நிறத்தில் ஒரு திரைச்சீலை. கனத்த மடிப்புகள், ஒவ்வொன்றும் தூண் மாதிரி.

"என் வீட்டுக்காரர். தோஹாவுல இருக்கார். பின்னால இருக்கு பாருங்க, எனக்கு அதே கர்ட்டன் வேணும்."

"அம்மா, இது பெரிய ஹோட்டல் சாமான். இந்தச் சந்தையில இருக்கிற எல்லாக் கடையையும் வித்தாலும் ஒரு ஜன்னலுக்குக் காணாது."

"அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். கம்மி காசுல பெரிய வீட்டுக் களை வர வைக்க உங்களாலதான் முடியும்னாங்க."

"அதே நிறம்தான் வேணுமா?"

அகேயோ கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பார்த்தாள். "ஏழு வருஷம் ஆச்சு. நடுவுல ஒரே ஒரு தடவை வந்தார், மூணு வாரம். இப்ப வீடு கட்டி முடிச்சாச்சு. நான் அந்த வீட்டுல அதே மாதிரி கர்ட்டனுக்கு முன்னால நின்னு ஒரு படம் எடுத்து அனுப்பணும். அவர் நிக்கிற இடமும் நான் நிக்கிற இடமும் ஒரே அறை மாதிரித் தெரியணும். அவ்வளவுதான்."

ஒமூகாவுக்கு மனைவி இறந்து எட்டு வருஷம் ஆகிறது. மகள்கள் இரண்டு பேரும் ஹோமா பே என்கிற ஊரில் வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டார்கள். ஒருத்தி இன்னொருத்தனை இவ்வளவு கணக்காக, நிறம் முதற்கொண்டு ஏங்க முடியும் என்பதையே அவர் மறந்துபோயிருந்தார். "சரி, செஞ்சிடலாம்" என்று மட்டும் சொன்னார்.

வீடு கஜூலு மலை அடிவாரத்தில். அடுத்த புதன்கிழமை அளவெடுக்கப் போனார். இரண்டு அறை, ஒரு கூடம், ஐந்து ஜன்னல். பூசிய சுவரில் ஈரம் இன்னும் காயவில்லை. கூடத்து ஜன்னல் வழியாக ஏரி ஒரு தகரத் துண்டு மாதிரித் தூரத்தில் மின்னியது. அகேயோ அலேகோ பக்கத்துப் பெண். பள்ளிக்கூடம் ஒன்றில் சமையல் வேலை. வீடு கட்டுகிற பணமெல்லாம் தோஹாவிலிருந்து நேரே அவள் புருஷன் நாஷோனின் அண்ணன் கைக்குப் போய்விடும். திரைச்சீலைக்கு அவளுடைய சம்பளத்தில் மிஞ்சுவதுதான். மாதம் ஒரு ஜன்னல், அதுவும் மாதக் கடைசியில் விருந்தாளி யாரும் வராமல் இருந்தால்.

"அதிகம் செலவு வைக்காம நல்லா வருமா, ஃபுண்டி?"

"துணியோட விலையை யாரும் பாக்கிறதில்லம்மா. மடிப்பைத்தான் பாக்கிறாங்க. ஏழை வீட்டுக் கர்ட்டனை எப்படிக் கண்டுபிடிப்பாங்க தெரியுமா? துணியை மிச்சம் பிடிக்க ஜன்னல் அளவுக்கே வெட்டியிருப்பாங்க. குட்டைப் பாவாடை மாதிரி தரைக்கு மேல தொங்கும். காத்தடிச்சா பறக்கும். இந்த மூணும் இல்லேன்னா ராஜா வீடுதான்."

சொன்னபடியே செய்தார். ஐரோப்பாவிலிருந்து வருகிற பழைய துணி மூட்டைகளில் ஹோட்டல்கள் கழித்துவிட்ட படுக்கை விரிப்புகள் இருக்கும். வழவழவென்று மின்னுகிற சாட்டின் நெசவு. ஓரம் கிழிந்ததும் கறை பட்டதுமாக இருப்பதால் யாரும் சீந்த மாட்டார்கள். அதில் நல்லதாகப் பொறுக்கி இருநூறு ஷில்லிங்குக்கு ஒன்றென்று வாங்கினார். எண்ணெய்ப் பீப்பாயில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, சாயப்பொடியும் உப்பும் போட்டு, கம்பால் கிண்டிக்கிண்டிப் பேரீச்சம்பழ நிறத்துக்குக் கொண்டுவந்தார். முதல் தடவை நிறம் கத்தரிக்காய் மாதிரி வந்துவிட்டது. கொஞ்சம் காப்பித்தூள் சேர்த்த பிறகுதான் படத்தில் இருந்த நிறம் கிட்டியது.

ஜன்னலைப் போல இரண்டரை மடங்கு அகலம் வருகிற மாதிரி விரிப்புகளை ஒட்டுப்போட்டார். ஒட்டுத்தையல் ஒவ்வொன்றும் மடிப்பின் உள்வாட்டத்தில் போய் ஒளிந்துகொண்டது. பின்பக்கத்துக்கு மலிவான காடாத் துணி. இரண்டுக்கும் நடுவில், கனம் வருவதற்காக, நைந்துபோன மெல்லிய போர்வைகள். கீழ்மடிப்பில் கொல்லர் பட்டறையிலிருந்து எடை போட்டு வாங்கிய இரும்பு வாஷர்கள். துரு கறை வைத்துவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றையும் துணியில் பொதிந்து தைத்தார். கம்பிக்குத் தண்ணீர்க் குழாய். அதற்கு மங்கலான தங்க நிறம் பூசி, ஜன்னல் தலைக்கு மேலே வெகு உயரத்தில், கூரைக்கு ஒரு சாண் கீழே, இருபக்கமும் ஒரு முழம் நீட்டி அடித்தார். பார்க்கிறவனுக்கு சுவர் முழுக்க ஜன்னல் என்றுதான் தோன்றும்.

மாதம் ஒரு ஜன்னல். ஜூலையில் படுக்கையறை. ஆகஸ்டில் அதன் பக்கத்து அறை. அப்படியே போயிற்று. அளவு, கம்பி, கொக்கி என்று புதன்தோறும் அங்கே ஏதாவது ஒரு வேலை இருந்தது.

புதன்கிழமைக்காக அவர் ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே காத்திருக்கத் தொடங்கினார். அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, கால் கழுவிவிட்டு, டீ போடுவாள். மந்தாசிப் பணியாரம் சுட்டுவைத்திருப்பாள். ஏணியில் நிற்கிற அவரிடம் கொக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுப்பாள். பேசுவதெல்லாம் நாஷோனைப் பற்றித்தான். நாஷோனுக்கு மீன் தலை பிடிக்கும், நாஷோன் சிரிக்கும்போது ஒரு கண் மூடிக்கொள்ளும், நாஷோன் குளித்துவிட்டுத் துவட்டாமல் வந்து நிற்பான். கேட்டுக் கேட்டு ஒமூகாவுக்கு அந்த ஆளைத் தெருவில் பார்த்தால் அடையாளம் தெரிந்துவிடும் போல ஆயிற்று. கேட்கக் கேட்க எரிச்சலும் வந்தது. ஆனாலும் அவள் நிறுத்திவிட்டால், "அப்புறம்?" என்று அவரேதான் கேட்டார். அந்தப் பேச்சு நின்றால் அந்தக் குரலும் நின்றுவிடும்.

புதுத் திரையை மாட்டியதும் அவள் கண்ணை மூடிக்கொண்டு மடிப்புகளின் மேல் உள்ளங்கையை மெதுவாக ஓட்டுவாள். அப்போது ஒமூகா திரும்பி நின்று கருவிகளைப் பையில் போடுவார். பார்க்க அவருக்கு உரிமை இல்லை என்று பட்டது.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு கடைக்கு வந்தவரை அப்போண்டி பிடித்துக்கொண்டாள்.

"என்ன ஃபுண்டி, சட்டையெல்லாம் பலமா இருக்கு? அலேகோக்காரி வர்ற நாளா?"

"உனக்கு வேற வேலை இல்ல?"

"அது சரி, கூலி எவ்வளவு பேசியிருக்க?"

"துணி விலையிலயே சேத்துட்டேன்."

"எந்தத் துணி விலையில? நீ வாங்கின விலைக்கே அவளுக்குக் கொடுத்ததை நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்யா."

"வாயை மூடு, அப்போண்டி."

அவள் மூடினாள். அவள் வாயை மூடுவது அதிசயம். மத்தியானம் தன் சோற்றில் பாதியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டு, "புருஷன்காரன் டிசம்பர்ல வர்றான், தெரியும்ல?" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

தெரியும். அவருக்குத் தெரியாததா? கிறிஸ்துமசுக்குப் பத்து நாள் முன்னால் என்று தேதி முதற்கொண்டு தெரியும்.

நவம்பர் நடுவில் கூடத்துத் திரைச்சீலையை மாட்டினார். கடைசியும் பெரியதும் அதுதான். மடிப்புகளைக் கையால் ஒவ்வொன்றாக நீவி, துணிக்கீற்றுகளால் மூன்று இடத்தில் கட்டினார். "மூணு நாள் அவிழ்க்காதீங்க. மடிப்பு பழகட்டும்" என்றார். மூன்றாம் நாள் தானே வந்து அவிழ்த்தார். ஏரிப்பக்கத்து வெயில் திரையின் ஓரத்தில் பட்டு, பேரீச்சம்பழ நிறம் உள்ளிருந்து எரிவதுபோலத் தெரிந்தது. கீழ்மடிப்பு தரையைத் தொட்டும் தொடாமலும் நின்றது. ஒரு காகிதம்கூட நுழையாது.

அகேயோ மாதாகோவிலுக்குப் போடுகிற உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்து திரைக்கு முன்னால் நின்றாள்.

"எடுங்க, ஃபுண்டி. அவர் நிக்கிற மாதிரியே நிக்கிறேன். சரியா இருக்கா?"

கைபேசியின் சின்னக் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். அது ஒன்றுதான் அவளைத் தாராளமாகப் பார்க்கக் கிடைத்த நேரம். "கொஞ்சம் இடது பக்கம்... இன்னும் கொஞ்சம்" என்று வேண்டுமென்றே தாமதித்தார். பிறகு அமுக்கினார்.

அவள் அங்கேயே நின்று படத்தை அனுப்பினாள். நீல அடையாளம் விழுந்தது. பார்த்துவிட்டான். இரண்டு பேரும் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீ ஆறிப்போயிற்று. பதில் வரவில்லை.

"வேலையில இருப்பார்" என்றாள்.

"ஆமா, வேலையில இருப்பார்."

அந்த ஞாயிறு அவள் சந்தைக்கு வந்தாள். வாங்குவதற்கு ஒன்றும் இல்லை. கடை முன்னால் நின்று ஒரு மேசைவிரிப்பைப் புரட்டிக்கொண்டே, "படத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. ஃபோன் பண்ணா மழை பெய்யுதான்னு கேக்கிறார். பிடிக்கலியோ?" என்றாள். அவள் கண்ணைப் பார்த்ததும் ஒமூகாவின் நெஞ்சுக்குள் ஒரு மூலையில் சந்தோஷம் எட்டிப்பார்த்தது. அதைக் கண்டு அவருக்கே அருவருப்பாக இருந்தது. "சில ஆம்பளைங்களுக்குச் சொல்லத் தெரியாதும்மா. நேர்ல வந்து சொல்வார்" என்றார்.

நாஷோன் சொன்ன தேதிக்கு வந்தான். நான்காம் நாள் காலை அகேயோவிடமிருந்து அழைப்பு.

"ஃபுண்டி, கொஞ்சம் வீட்டுக்கு வரணும். கத்தரிக்கோல் கொண்டாங்க." குரல் வறண்டிருந்தது. உடனே வைத்துவிட்டாள்.

வாசலிலேயே நாஷோன் நின்றிருந்தான். படத்தில் இருந்ததைவிட ஒல்லி. முன்னந்தலையில் நரை. கை கொடுத்தான். பிடி உறுதியாக இருந்தது, ஆனால் விரல்கள் உடனே விலகின.

"உள்ள வாங்க. நீங்கதான் கர்ட்டன்காரரா?"

கூடத்தில் அகேயோ சுவரோரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. ஒமூகாவைப் பார்த்து எழுந்திருக்கக்கூட இல்லை.

நாஷோன் திரையின் அருகே போய் ஒரு மடிப்பை இரண்டு விரலால் பிடித்தான். "நான் அந்த ஹோட்டல்ல என்ன வேலை செய்றேன்னு இவ சொல்லியிருப்பா. சலவைப் பகுதி. ஏழு வருஷமா நான் இஸ்திரி போடறது இதே கர்ட்டனைத்தான். இது என்ன விலைன்னு எனக்குத் தெரியும். ஒரு ஜன்னலுக்கு நாப்பதாயிரம் ஷில்லிங்குக்குக் குறையாது. அஞ்சு ஜன்னல். இவ சமையல்காரி. சொல்லுங்க, இந்தக் காசு எங்கேர்ந்து வந்துச்சு?"

"நான் சொல்லிட்டேன். ஒம்பதாயிரம்கூட ஆகலைன்னு நாலு நாளா சொல்றேன்" என்றாள் அகேயோ.

"எங்க அண்ணன் வேற மாதிரி சொல்றான். வாரா வாரம் ஒரு ஆள் வந்து போறதாச் சொல்றான்." அவன் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் ஒமூகாவுக்குப் பயமாக இருந்தது.

ஒமூகா செருப்பைக் கழற்றி வைத்தார். "அந்த ஆள் நான்தான். புதன்கிழமை. ஏணியும் நாடாவுமா வருவேன்" என்றார். மேற்கொண்டு பேசாமல் திரையின் அடியில் மண்டியிட்டு, கத்தரிக்கோலின் நுனியைக் கீழ்மடிப்பின் தையலுக்குள் விட்டார்.

அந்தத் தையலை அவர் மிஷினில் போடவில்லை. கையால், வெளியே ஒரு நூல்கூடத் தெரியாத மாதிரி, மூன்று நாள் உட்கார்ந்து போட்டது. நூல் ஒவ்வொன்றும் அறுபடும் சத்தம் அவர் காதுக்கு மட்டும் கேட்டது.

"இதைப் பாருங்க" என்று துணிப்பொட்டலம் ஒன்றைப் பிரித்து நாஷோனின் கையில் வைத்தார். "வாஷர். கொல்லன் பட்டறையில கிலோ கணக்குல வாங்கினது. துணி நேரா நிக்கிறது இதாலதான்." இன்னும் கொஞ்சம் பிரித்தார். "இது போர்வை. தொட்டுப் பாருங்க, எவ்வளவு நைஞ்சிருக்குன்னு. நீங்க விரலால பிடிச்சப்ப கனமாத் தெரிஞ்சது இதுதான். பின்னால இருக்கிறது காடா. மாட்டுக்குக்கூடப் போட மாட்டாங்க." கடைசியாக முன்துணியின் மூலையை வெளியே இழுத்து வெளிச்சத்தில் காட்டினார். சாயத்துக்கு அடியில், நெசவிலேயே வந்த எழுத்தில், ஏதோ ஒரு வெளிநாட்டு ஹோட்டலின் பெயர் இருந்தது. "இது என்னன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல."

நாஷோன் குனிந்தான். அந்த மூலையைப் பெருவிரலால் தேய்த்தான். ரொம்ப நேரம் தேய்த்தான்.

"பெட்ஷீட்" என்றான்.

"ஆமா."

"நான் தினம் இருநூறு பெட்ஷீட்டைத் தொடறவன்." அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் வந்தது. ஒரு கண் மூடிக்கொண்டது. "எனக்கே தெரியலியே, அகேயோ."

அவள் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள்.

"அந்தப் படம் வந்தப்ப எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா?" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஏழு வருஷமா அந்தக் கூடத்துல நான் ஓரமாத்தான் நடந்திருக்கேன். விருந்தாளிங்க வந்தா கதவுக்குப் பின்னால நிக்கணும். அந்த ஒரு படத்தைக்கூட மேனேஜர் இல்லாத நேரம் பாத்துத் திருட்டுத்தனமா எடுத்தேன். ஊருக்கு வந்து என் வீட்டுக் கதவைத் திறக்கிறேன், அதே கர்ட்டன். உள்ள வரலாமா, பின்பக்கமா போகணுமான்னு ஒரு நிமிஷம் நின்னுட்டேன்."

அகேயோ வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் நாம ரெண்டு பேரும் ஒரே அறையில இருக்கிற மாதிரி..." என்றாள்.

ஒமூகா ஊசியில் நூலைக் கோக்கத் தொடங்கினார். தன் வேலை முடிந்தது, தைத்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்று நினைத்தார். அப்போதுதான் நாஷோன் நிமிர்ந்தான். சலவைக்காரனின் கண், மடிப்பு மடிப்பாகத் திரை முழுக்க ஏறி இறங்கியது.

"துணி சரி, பெரியவரே. ஒம்பதாயிரம், ஒத்துக்கிறேன். இந்தக் கைவேலை? அஞ்சு மாசம் வந்திருக்கீங்க. கூலி எவ்வளவு வாங்கினீங்க?"

ஊசிக்காதில் நூல் நுழையவில்லை. அகேயோ அவரைப் பார்த்தாள். அவள் இதுவரை அதை யோசித்ததே இல்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. துணி விலையிலேயே கூலியும் அடங்கிவிட்டது என்று இருந்துவிட்டவள், இப்போது அந்த ஒன்பதாயிரத்தைக் கூட்டிக் கழித்துப் பார்க்கிறாள். கூட்டிப் பார்த்தவள் மெல்ல நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டாள். அவள் கண்ணில் முதல் தடவையாக ஒமூகா என்கிற மனிதர் தெரிந்தார். அந்த ஒரு பார்வைக்காக அவர் ஐந்து மாதம் காத்திருந்தார். வந்த நேரம்தான் இப்படி ஆயிற்று.

"கூலி இன்னும் வாங்கல" என்றார் ஒமூகா.

"ஏன்?"

"பெரிய வேலைக்கு நான் வீட்டுக்காரர்கிட்டத்தான் கூலி வாங்கறது. பொம்பளைங்ககிட்ட வாங்கினா பின்னால தகராறு வரும். நீங்க டிசம்பர்ல வர்றீங்கன்னு அம்மா சொன்னாங்க. வந்ததும் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். ஏழாயிரம் ஆகும்."

சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. அது எப்படி என்று பின்னால் அவருக்கே வியப்பாக இருந்தது.

நாஷோன் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தான். நம்பினானா, நம்புவது என்று முடிவு செய்தானா, தெரியாது. எழுந்து உள்ளே போய்ப் பணத்தோடு வந்தான். எட்டாயிரம். "ஏழு போதும்" என்றார் ஒமூகா. "வாங்கிக்கங்க. அங்க இந்த வேலைக்கு ஒரு மாசச் சம்பளம் கொடுப்பாங்க" என்று கையில் திணித்தான். ஒமூகா அதை எண்ணவில்லை. சட்டைப் பையில் வைத்தார்.

அவிழ்த்ததை மறுபடி தைக்க இரண்டு மணி நேரம் பிடித்தது. பாதியில் நாஷோன் வந்து பக்கத்தில் குந்தினான். தைத்து முடித்த இடத்தை விரலால் நீவிப்பார்த்து, "இஸ்திரி எதுல போடறீங்க?" என்று கேட்டான்.

"கரிப்பெட்டிதான். ஈரத்துணியைப் போட்டு."

"அது தழும்பு வைக்கும். இருங்க." அடுப்பில் கெண்டியை ஏற்றி, ஆவி வந்ததும் தூக்கிவந்து மடிப்புக்கு நேரே பிடித்தான். ஒரு கையால் ஆவியைக் காட்டிக்கொண்டே மறு கையால் துணியை மேலிருந்து கீழே இழுத்துவிட்டான். ஒரே இழுப்பில் சுருக்கம் போய்விட்டது. ஒமூகா தன்னை மறந்து, "அடேயப்பா" என்றார். இரண்டு பேருமாக மற்ற மடிப்புகளையும் எடுத்தார்கள். ஒருவர் நீவ, ஒருவர் ஆவி காட்ட. நல்ல வேலைக்காரன். அவனை வெறுக்க வேண்டும் என்று ஒமூகா மனதார முயன்றார். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே வெறுப்பது கஷ்டமாக இருந்தது.

"இதைக் கழட்டிடலாமா?" என்று நாஷோன் மனைவியிடம் கேட்டது காதில் விழுந்தது. "உங்களுக்கு வேண்டாம்னா கழட்டிடுவோம்" என்றாள் அவள். அவன் கெண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தான். "வேண்டாம், இருக்கட்டும். இதுக்கு முன்னால நான் உக்காந்து டீ குடிக்கணும். காலை நீட்டிக்கிட்டு" என்றான். அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

ஒமூகா டீக்கு நிற்கவில்லை. வண்டி போய்விடும் என்றார். அகேயோ வாசல்கேட்டு வரை வந்தாள்.

"ஃபுண்டி."

"சொல்லுங்கம்மா."

"நீங்க என்கிட்ட கூலிப் பேச்சே எடுக்கல. அவர்கிட்ட வாங்கறதாவும் சொல்லல."

"மறந்திருப்பேன்."

"மறக்கிற ஆள் இல்ல நீங்க." அவள் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே நாஷோன் ஏதோ பாத்திரத்தைத் தேடி அவளைக் கூப்பிட்டான். அந்தக் குரல் கேட்டதும் அவள் முகம் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. அவள் அறிந்து செய்ததல்ல. ஒமூகா அதைப் பார்த்தார். ஏழு வருஷம் ஏங்கின முகம் வேறு எப்படித் திரும்பும்?

"போங்க. கூப்பிடறார்" என்றார்.

அவள் போனாள்.

மலைச்சரிவில் இறங்கும்போது சட்டைப் பையில் இருந்த பணம் ஒவ்வொரு அடிக்கும் நெஞ்சில் இடித்தது. கூலி கொடுத்தாயிற்று. அந்த ஐந்து ஜன்னலிலும் இனி அவருடையது என்று ஒன்றும் இல்லை. வண்டி நிற்கிற இடத்தில் இரண்டு மத்தாத்து வேன் வந்தது. இரண்டையும் விட்டுவிட்டார். மூன்றாவதில் நடத்துநர், "பெரியவரே, வர்றீங்களா, இல்ல இங்கேயே வீடு கட்டப் போறீங்களா?" என்று கத்திய பிறகுதான் ஏறினார்.

ஜனவரியில் நாஷோன் தோஹாவுக்குத் திரும்பிப் போகவில்லை என்று அப்போண்டிதான் சேதி கொண்டுவந்தாள். மாம்போலேயோவில் சலவைக்கடை வைத்திருக்கிறானாம். சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் ஒமூகாவைப் பார்த்தாள். "நல்லது" என்றார் அவர். அன்றைக்கு மத்தியானமும் அவள் சோற்றில் பாதி அவருக்கு வந்தது. அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளும் பேச்சுக் கொடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அதன் பிறகு கஜூலு பக்கத்திலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஆசிரியைகள், நர்சுகள், புதுக் கல்யாணக்காரர்கள். எல்லாரும் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். அகேயோ மட்டும் வரவில்லை. மழைக்காலம் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, நர்சு உடுப்பில் ஒரு பெண் வந்து, கஜூலுவில் ஒரு வீட்டில் பார்த்தது போலவே வேண்டும், ஆனால் கையில் அதிகம் இல்லை என்றாள்.

"அந்த வீட்டம்மா நல்லா இருக்காங்களா?" என்று ஒமூகா கேட்டார்.

"நல்லாத்தான் இருக்காங்க. முந்தாநாள்கூட வாசல்ல உக்காந்து ரெண்டு பேரும் ஏதோ சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. ஏன், உங்க சொந்தமா?"

"இல்ல. சும்மாதான் கேட்டேன்." தூறல் விழத் தொடங்கியது. ஒமூகா துணிகளின் மேல் பிளாஸ்டிக் தாளை இழுத்துவிட்டார். "அந்த நிறம் அந்த வீட்டோட இருக்கட்டும். உங்க சுவர் என்ன நிறம், சொல்லுங்க" என்றார்.